ஒரு நிரல், பல தளங்கள்

நுழையும்முன்

அச்சிட்ட பாடநூலைப் படிப்பதற்கு வேறு கருவி வேண்டியதில்லை. அந்நூலின் பக்கத்தில் உள்ள விரைவுக் குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் காணொலியைக் காண்பதற்கோ ஒரு கருவி வேண்டும். அக்கருவி எல்லார் வீட்டிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வெவ்வேறு கருவிகளில் ஒரே செயலியை இயங்கச் செய்யும் நிரலாக்க முறையையும், அதில் தமிழறிந்தோர் ஆற்றவேண்டிய பணியையும் இப்பாடம் விளக்குகிறது.

எல்லையும் அனுமதியும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலை, கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆந்திர எல்லையை நெருங்கும் இடத்தில் எளாவூர் அமைந்துள்ளது. ஒருபுறம் பழவேற்காடு ஏரி. மறுபுறம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம். எல்லைப்புறம் ஆதலால் தமிழோடு தெலுங்கும் இங்கு ஒலிக்கிறது. தொழிற்சாலைகளை நாடி வந்த வடமாநிலத் தொழிலாளரின் மொழிகளும் கடைத்தெருவில் கேட்கின்றன.

எளாவூர் என்றதும் நெடுஞ்சாலைப் பயணிகளுக்கு நினைவுக்கு வருவது அதன் சோதனைச் சாவடியாகும். இரு மாநிலங்களுக்கும் பொதுவான சாலைதான். எனினும் எல்லையைக் கடக்கும் லாரிக்கு உரிய அனுமதி வேண்டும். ஒரு மாநிலத்திற்குள் மட்டும் ஓடுவதற்கு அனுமதி பெற்ற லாரி அடுத்த மாநிலத்திற்குள் அப்படியே சென்றுவிட முடியாது. 'நேஷனல் பர்மிட்' பெற்ற லாரியோ, ஒரே அனுமதியைக் கொண்டு பல மாநிலங்களைக் கடக்கிறது. சரக்கும் அதேதான், ஓட்டுநரும் அவரேதான். எல்லைதோறும் சரக்கை இறக்கி வேறு லாரியில் ஏற்றும் வீண் உழைப்பு இல்லாமல் போகிறது.

கணினி உலகிலும் இத்தகைய எல்லைகள் உண்டு. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் என்பன இன்று பரவலாக உள்ள இயங்குதளங்கள். திரையில் ஒரு பொத்தானை வரைதல், கோப்பைத் திறத்தல், ஒளிப்படக் கருவியை இயக்குதல் ஆகியவற்றை ஒரு செயலி தானே செய்துவிடுவதில்லை; இயங்குதளத்திடம் கேட்டே செய்கிறது. கேட்கும் முறை தளத்திற்குத் தளம் வேறுபடுகிறது. ஆண்ட்ராய்டுக்குரிய செயலிகள் பெரும்பாலும் ஜாவா, காட்லின் ஆகிய மொழிகளிலும், ஐஓஎஸ் தளத்திற்குரியவை ஸ்விஃப்ட் மொழியிலும் எழுதப்படுகின்றன. ஆகவே ஒரு தளத்திற்கென எழுதிய செயலி மற்றொன்றில் இயங்குவதில்லை. ஒரே மூல நிரலைக் கொண்டு பல தளங்களில் இயங்குமாறு உருவாக்கப்படுவதே பல்தளச் செயலி எனப்படும்.

ஒரு வீடு, மூன்று கருவிகள்

எளாவூரிலிருந்து பள்ளிக்குச் செல்லும் மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். அவளுடைய தந்தை சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் முறைப்பணி செய்கிறார். வீட்டில் உள்ள ஒரே திறன்பேசி அவருடன் சென்றுவிடும். அவர் இரவுப் பணி முடித்துத் திரும்பிய பிறகே அது மகளின் கைக்கு வரும். அதுவும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு திறன்பேசி; நினைவகம் பாதிக்குமேல் நிரம்பியிருக்கும். அண்ணன் பள்ளியில் படித்த காலத்தில் அரசு வழங்கிய மடிக்கணினி அலமாரியில் இருக்கிறது. பள்ளியின் கணினி ஆய்வகத்தில் வேறோர் இயங்குதளம் உள்ளது.

பாடம் ஒன்றுதான், கருவிகளோ மூன்று. கற்பதற்கான செயலி இம்மூன்றில் ஒன்றில் மட்டும் இயங்குமானால், எஞ்சிய நேரத்தில் அவளுக்குப் பாடம் இல்லை. பலகை ஏந்தி எழுதப் பழகிய காலத்தில் பலகையின் விலை படிப்பைத் தடுத்ததில்லை. இன்றோ, கையில் கிடைக்கும் கருவி எது என்பதே கற்கும் வாய்ப்பைத் தீர்மானிக்கும் நிலை வந்துள்ளது. இங்கு மாறவேண்டியது மாணவியின் கருவியா, செயலி எழுதப்படும் முறையா என்பதே கேள்வி.

காக்களூர் காட்டிய பாடம்

இக்கேள்வி திருவள்ளூர் மாவட்டத்திற்குப் புதியதன்று. தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இம்மாவட்டத்தின் காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அத்திட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். பாரத் இயங்குதளத் தீர்வுகள் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே பாஸ் என்பது. மேம்பட்ட கணிப்பியல் வளர்ச்சி மையமாகிய சி-டாக், தன் சென்னைப் பிரிவில் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு அதனை உருவாக்கியது. அது திறந்த மூல மென்பொருளாகும்.

கணினியைத் தொடங்கும்போது எந்தத் தளம் வேண்டும் எனத் திரை கேட்கும். ஒரே கணினிதான், எனினும் விண்டோஸ் பக்கத்தில் நிறுவிய செயலி, பாஸ் பக்கத்தில் இருக்காது. இரு பக்கங்களிலும் இயங்கக்கூடிய மென்பொருள்களும் இருந்தன. பயர்பாக்ஸ் உலாவி, விஎல்சி இயக்கி, லிப்ரே ஆபிஸ் ஆகியன அத்தகையவை. இவை மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள் என்பது கருதத்தக்கது. தளங்களைக் கடத்தல், மூல நிரலைத் திறந்து வைத்தல் ஆகிய இரண்டும் அடிக்கடி சேர்ந்தே காணப்படுவதற்குக் காரணம் உண்டு.

வணிக நிறுவனம் ஒன்று செயலியை ஐந்து தளங்களுக்கும் தனித்தனியே எழுதுவதாயின், ஐந்து குழுக்கள் வேண்டும்; ஒரு பிழையை ஐந்து இடங்களில் திருத்த வேண்டும்; புதிய வசதியை ஐந்து முறை சேர்க்க வேண்டும். செலவு மிகும்போது, வாங்குவோர் மிகுந்த தளமே முதலிடம் பெறும். ஏனையவை 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என ஒதுக்கப்படும். பழைய கருவி, சிறிய கருவி, குறைந்தோர் பயன்படுத்தும் தளம், குறைந்த வருவாய் தரும் மொழி ஆகியனவே அவ்வாறு ஒதுக்கப்படுபவை. நிரலை ஒருமுறை எழுதிப் பலவிடத்தும் இயக்கும் முறை, இந்த ஒதுக்கலுக்கான காரணங்களுள் ஒன்றைக் களைகிறது.

சட்டகம் என்பது யாது?

பல்தளச் செயலியை உருவாக்கப் பயன்படுவது நிரலாக்கச் சட்டகம். அதனை விளங்கிக்கொள்ள எளாவூர்ச் சாலையில் ஓடும் லாரியே போதும். லாரியின் அடிச்சட்டமாகிய சேசிஸ், இயந்திரத்தோடு தொழிற்சாலையில் உருவாகிறது. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் லேலண்ட் நிறுவனத்தின் எண்ணூர்த் தொழிற்சாலை இத்துறையில் பெயர் பெற்றது. அடிச்சட்டத்தின்மேல் உடற்பகுதி கட்டும் தொழிலுக்கு நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் ஆகிய ஊர்கள் புகழ்பெற்றவை. அங்கே ஒரே வகை அடிச்சட்டம் ஒருவருக்குச் சரக்கு லாரியாகவும், மற்றொருவருக்குத் தண்ணீர் வண்டியாகவும், வேறொருவருக்குப் பேருந்தாகவும் உருப்பெறுகிறது. உடற்பகுதி கட்டுபவர் இயந்திரத்தைப் புதிதாகச் செய்வதில்லை. சக்கரமும் தடையும் முன்பே இருக்கின்றன. பயணத்திற்கு ஏற்ற வடிவத்தைத் தருவதே அவர் வேலை.

நிரலாக்கச் சட்டகமும் இத்தகையதே. திரையில் எழுத்தைக் காட்டுதல், விரலின் தொடுகையை உணர்தல், இணையத்திலிருந்து தரவைப் பெறுதல், ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்லுதல் முதலிய பொதுவேலைகளை அது முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருக்கும். செயலியை எழுதுபவர் தமக்கே உரிய பகுதியை மட்டும் அதன்மேல் கட்டுகிறார். பல்தளச் சட்டகம் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒவ்வோர் இயங்குதளத்திடமும் அத்தளத்திற்குரிய முறையில் பேசும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறது.

தளங்களைக் கடக்கும் வழிகள்

ஒரே நிரல் பல தளங்களில் இயங்குவதற்குப் பல வழிகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்று இன்றியமையாதவை.

முதலாவது, உலாவியைத் துணைக்கொள்ளும் வழி. எல்லாத் தளங்களிலும் இணைய உலாவி உண்டு. ஆகவே செயலியை இணையப்பக்கம்போல் எழுதி, உலாவியின் இயந்திரத்தை ஓர் உறைக்குள் வைத்து, அதனைச் செயலியாக வழங்கலாம். போன்கேப் திறன்பேசிகளுக்கு இவ்வழியைக் காட்டியது. பின்னர் அதன் மூல நிரல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டு, கார்டோவா என்னும் பெயரில் திறந்த மூலத் திட்டமாக வளர்ந்தது. மேசைக் கணினிகளுக்கு இதே பணியை 2013இல் கிட்ஹப் நிறுவனம் தொடங்கிய எலக்ட்ரான் செய்கிறது.

இரண்டாவது, தளத்தின் உறுப்புகளையே அழைக்கும் வழி. செயலியின் சிந்தனைப் பகுதி ஒரே மொழியில் எழுதப்படும். பொத்தான், பட்டியல் போன்ற திரை உறுப்புகளை அந்தந்தத் தளமே தரும். இரண்டுக்கும் இடையில் சட்டகம் மொழிபெயர்ப்பாளராக நிற்கும். 2015இல் பேஸ்புக் நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் இவ்வகையைச் சார்ந்தது.

மூன்றாவது, எல்லாவற்றையும் தானே வரையும் வழி. தளத்திடமிருந்து வெற்றுத் திரையை மட்டும் பெற்றுக்கொண்டு, பொத்தான் முதல் எழுத்து வரை ஒவ்வொரு புள்ளியையும் சட்டகமே வரைகிறது. கூகுளின் ஃபிளட்டர் இவ்வாறு இயங்குகிறது. அதன் முதற்பதிப்பு 2018 டிசம்பரில் வெளியானது. டார்ட் மொழியில் எழுதப்படும் ஃபிளட்டர் நிரல், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ், இணையம் ஆகிய அனைத்திற்கும் உரிய செயலியாக மாற்றப்படுகிறது. நார்வே நாட்டில் உருவாகி 1995இல் வெளிவந்த கியூட்டி இத்துறையில் மூத்தது. விஎல்சி இயக்கியின் விண்டோஸ், லினக்ஸ் பதிப்புகள் கியூட்டியைப் பயன்படுத்துகின்றன.

மூன்று வழிகளிலும் ஒரு பகுதி மட்டும் பொதுவாக அமைவதில்லை. ஒளிப்படக் கருவி, ஒலிவாங்கி, இடங்காட்டி முதலியவற்றை இயக்கும் முறை தளந்தோறும் வேறு. அதற்கெனச் 'செருகி' எனப்படும் சிறு நிரல்கள் ஒவ்வொரு தளத்திற்கும் தனியே எழுதப்படுகின்றன. செயலியை எழுதுபவர் 'படம் எடு' என ஒருமுறை ஆணையிட்டால் போதும். எந்தத் தளத்தில் உள்ளதோ அதற்குரிய செருகி அவ்வாணையை நிறைவேற்றும்.

தெரிந்து தெளிவோம்

விரைவுக் குறியீட்டை 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாகிரோ ஹரா தலைமையிலான குழு உருவாக்கியது. ஊர்தி உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதே அதன் முதல் நோக்கம். குறியீட்டின் மூன்று மூலைகளில் உள்ள சதுரங்கள், அது எத்திசையில் இருந்தாலும் கருவி அதனைக் கண்டறிய உதவுகின்றன. பிழை திருத்தும் கணிதமுறை அதில் அமைந்துள்ளதால், குறியீட்டின் ஒரு பகுதி அழுக்கடைந்தாலும் கிழிந்தாலும் அதனைப் படிக்க இயலும்.

பாடநூலுக்குள் ஒரு பல்தளச் செயலி

இவையெல்லாம் தொலைவில் நடப்பவை அல்ல. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வெளிவந்தபோது, அவற்றின் பக்கங்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. நூலின் தொடக்கத்தில், தீக்ஷா செயலியை நிறுவி அக்குறியீடுகளைப் பயன்படுத்தும் முறையும் அச்சிடப்பட்டது.

தீக்ஷா 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று தொடங்கி வைக்கப்பட்ட தேசியக் கல்வித் தளமாகும். அதன் அடித்தளமாக அமைந்தது சன்பேர்டு என்னும் திறந்த மூல மென்பொருள். ஏக்ஸ்டெப் அறக்கட்டளை முன்னெடுத்த சன்பேர்டின் மூல நிரல், எம்ஐடி உரிமத்தின்கீழ் எவரும் பார்க்கவும் பயன்படுத்தவும் திருத்தவும் உரியதாக வெளியிடப்பட்டுள்ளது. அதன் திறன்பேசிச் செயலி, கார்டோவாவையும் அதன்மேல் அமைந்த அயனிக் சட்டகத்தையும் கொண்டு கட்டப்பட்டது. அதாவது மேலே கூறிய முதல் வழியைச் சார்ந்தது.

மாணவி திறன்பேசியைப் பாடநூலின் பக்கத்திற்கு நேரே பிடிக்கும்போது நிகழ்வனவற்றைப் படிப்படியாகக் காணலாம். செயலியின் பொதுநிரல், ஒளிப்படக் கருவிக்குரிய செருகியை அழைக்கிறது. செருகி, ஆண்ட்ராய்டு தளத்தின் முறைப்படி கருவியை இயக்கிப் படத்தைப் பெறுகிறது. படத்திலுள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகளாக மாற்றப்படுகின்றன. அவ்வாறு குறிகளைக் கொண்டு, இப்பாடத்திற்குரிய காணொலி எது எனப் பொதுநிரல் இணையத்தில் தேடுகிறது. குறியீட்டின் கீழே அவ்வாறு குறிகளும் அச்சிடப்படுவது உண்டு. ஆகவே ஒளிப்படக் கருவி இல்லாத மேசைக் கணினியிலும், உலாவியைத் திறந்து அக்குறிகளைத் தட்டச்சு செய்து அதே பாடத்தை அடையலாம்.

இன்னொரு வசதி எளாவூர் மாணவிக்கு மிகவும் வேண்டியது. இணையம் கிடைக்கும்போது பாடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாதபோதும் அதனைப் பார்க்கலாம். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இத்தகைய வசதியின் அருமை எல்லாருக்கும் விளங்கியது. அப்போது பின்தங்கியவர்கள் படிப்பில் ஆர்வமற்றவர்கள் அல்லர். கருவியும் இணையமும் வாய்க்காதவர்களே.

திறந்த மூலத்தின் பயன்

திறந்த மூலம் என்பது இலவசம் என்பதன் மறுபெயர் அன்று. இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் பலவற்றின் மூல நிரலை எவரும் காண இயலாது. சமைத்த உணவை விலையின்றித் தருவது ஒன்று. சமைக்கும் முறையையும் எழுதிக் கொடுத்து, உப்பைக் கூட்டிக் குறைக்கும் உரிமையையும் அளிப்பது வேறொன்று. பின்னதே திறந்த மூலம். இவ்வுரிமைகளுக்கு எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் முதலிய உரிமங்கள் சட்ட வடிவம் தருகின்றன.

பல்தளச் செயலிக்கு இதனால் இரு நன்மைகள் உண்டு. ஒரு நிறுவனம் ஒரு தளத்தைக் கைவிட்டாலும், அத்தளத்தைப் பயன்படுத்துவோர் நிரலைத் தாமே தொடர்ந்து பேணலாம். மேலும், ஒரு மொழியின் எழுத்து தவறாகத் தோன்றினால், அம்மொழியை அறிந்தவர் திருத்தம் எழுதி அளிக்கலாம். பின்னது தமிழுக்கு மிக நெருக்கமானது.

எழுத்தெண்ணிப் படித்தல்

தெளிவாகக் கற்றவரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்பது தமிழ் வழக்கு. கணினி எவ்வாறு எழுத்தெண்ணுகிறது என்பதைக் காண்போம். 'எளாவூர்' என்னும் சொல்லில் எ, ளா, வூ, ர் என நான்கு எழுத்துகள் உள்ளன. தொடக்கநிலை மாணவரும் இதனை அறிவர். ஆனால் ஒருங்குறி முறையில் இச்சொல் எ, ள, கால், வ, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஏழு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. டார்ட், ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் ஆகிய மொழிகளில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஏழு என்றே விடை வரும்.

இது வெறும் எண்ணிக்கைப் பிழை அன்று. ஒரு விண்ணப்பச் செயலி, பெயருக்கு ஆறு குறிகளை மட்டும் ஒதுக்கியிருந்தால், எளாவூர் என்பது 'எளாவூர' எனப் புள்ளியிழந்து அச்சாகும். சான்றிதழில் அவ்வாறு அச்சானால், அதனைத் திருத்த அலுவலகப் படிகளில் ஏறி இறங்க வேண்டியவர் மாணவரே.

இதேபோன்ற சிக்கல்கள் வேறும் உள்ளன. 'கொ' என்னும் எழுத்தைக் ககரத்துடன் ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. ஒருவர் ஒரு முறையில் 'கொசத்தலையாறு' என எழுதி வைக்க, மற்றொருவர் மறுமுறையில் தேடினால் அது கிடைக்காமல் போகலாம். இயல்பாக்கம் என்னும் செய்முறை இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ஔவையார் என்னும் பெயரில் 'ஔ' என்னும் ஓரெழுத்துக்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்தால், அதனை இயல்பாக்கமும் திருத்தாது. தமிழறிந்தவர் அதற்கென விதி எழுத வேண்டும்.

அகரவரிசையிலும் இடர் உண்டு. வகரத்திற்குப் பின் ழகரமும் ளகரமும் வருவது தமிழ் நெடுங்கணக்கு. ஒருங்குறி அட்டவணையிலோ ளகரமும் ழகரமும் வகரத்திற்கு முன்னே உள்ளன. குறியெண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் செயலி, 'கவிதை'க்கு முன்னே 'களிறு' என்னும் சொல்லை வைத்துவிடும். அகராதி புரட்டிப் பழகிய கண் அதனை உடனே தவறெனக் காணும். தமிழறியாத நிரலாளரின் கண்ணுக்கு அது புலப்படாது.

சட்டகம் பல தளங்களைக் கடக்கிறது என்பதனால், அதிலுள்ள ஒரு பிழையும் எல்லாத் தளங்களையும் கடந்து பரவும். அதேபோல், ஓரிடத்தில் செய்த திருத்தமும் எங்கும் பரவும். எகரக் குறியை எழுத்துக்கு முன்னும் காலை எழுத்துக்குப் பின்னும் பொருத்தி வரையும் வேலையை ஹார்ஃபஸ் என்னும் திறந்த மூல நிரல் செய்கிறது. ஆண்ட்ராய்டு, குரோம், பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ், ஃபிளட்டர் ஆகிய அனைத்தும் அதனையே பயன்படுத்துகின்றன. அந்த ஓரிடத்தில் தமிழ் செம்மையாக இருப்பதால், அதனைச் சார்ந்த எல்லாவற்றிலும் தமிழ் செம்மையாகத் தோன்றுகிறது. தமிழ் எழுத்துகளை முறையாகப் பிரித்து எண்ணுவதற்கு 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் நிரலகம் உள்ளது. முத்து அண்ணாமலை உள்ளிட்ட தமிழ் ஆர்வலர்கள் அதனை உருவாக்கித் திறந்த மூலமாக வழங்கியுள்ளனர்.

தெரிந்து தெளிவோம்

தமிழ் ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண்கள் தரப்படவில்லை. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி, ஆய்தம் ஆகியவற்றுக்கே குறியெண்கள் உள்ளன. ஏனைய எழுத்துகள் இவற்றின் சேர்க்கையால் உருவாகின்றன.

சிறிய கருவியே உரைகல்

பல்தளச் சட்டகம் எல்லாக் குறையையும் நீக்கும் மருந்தன்று. உலாவியின் இயந்திரத்தையே உடன் சுமந்து செல்லும் செயலி, அளவில் பெரிதாகவும் நினைவகத்தை மிகுதியாக உண்பதாகவும் அமையும். எல்லாவற்றையும் தானே வரையும் சட்டகமும் தன் கருவிகளைச் செயலியோடு சேர்த்தே அனுப்புகிறது. ஐஓஎஸ் தளத்திற்குரிய செயலியைக் கட்டி முடிப்பதற்கு ஆப்பிளின் மேக் கணினி தேவைப்படுகிறது. நுண்ணிய விளையாட்டு, மிகு விரைவு வேண்டும் பணி ஆகியவற்றுக்குத் தனித்தளச் செயலியே சிறந்தது என நிரலாளர் முடிவு செய்வதும் உண்டு.

நேஷனல் பர்மிட் பெற்ற லாரியும், ஏற்றிய பாரம் மிகுந்தால் எடைமேடையில் நிறுத்தப்படும். செயலிக்கு எடைமேடையாக அமைவது எளிய வீட்டின் சிறிய திறன்பேசி. விலை உயர்ந்த கருவியில் ஒரு நொடியில் திறக்கும் செயலி, எளாவூர் மாணவியின் கையில் இருக்கும் கருவியில் திறக்கவே இல்லை என்றால், அது எத்தனை தளங்களைக் கடந்திருந்தாலும் அவளை அடையவில்லை. ஆகவே நல்ல நிரலாளர், தம்மிடமுள்ள சிறந்த கருவியில் அன்றி, பயனரிடமுள்ள சிறிய கருவியில் செயலியைச் சோதிக்கிறார். படங்களின் அளவைக் குறைக்கிறார். இணையம் அறுந்தாலும் பணி தொடருமாறு அமைக்கிறார். தமிழ்ப் பெயர்களை உள்ளிட்டுப் பார்க்கிறார்.

தமிழறிந்த மாணவரின் பணி இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் திருத்தத்தை எழுதி அளிக்கலாம். நிரல் அறியாதவரும், எந்தக் கருவியில், எந்தச் சொல்லில், எவ்வாறு பிழை தோன்றியது எனத் தெளிவாக எழுதித் தெரிவிக்கலாம். திறந்த மூலத் திட்டங்களில் அவ்வாறு தெரிவிப்பதும் ஒரு பங்களிப்பாகவே மதிக்கப்படுகிறது. புள்ளி எங்கே விடுபட்டது, வரிசை எங்கே பிறழ்ந்தது என்று காணும் கண், இலக்கண வகுப்பில் பெற்ற கண்ணே ஆகும்.

தந்தை பணி முடித்துத் திரும்பும் இரவில், அந்த ஒரே திறன்பேசி மகளின் கைக்கு வருகிறது. பாடநூலைத் திறந்து குறியீட்டுக்கு நேரே பிடிக்கிறாள். பாடம் திறக்குமா என்பது அவள் முயற்சியை மட்டும் சார்ந்ததன்று. எங்கோ ஒருவர், தம் கருவியை அன்றி அவள் கருவியை எண்ணி நிரல் எழுதினாரா என்பதையும் சார்ந்தது. நாளை அவ்வாறு எண்ணி எழுதுபவர், எளாவூரின் வகுப்பறை ஒன்றிலிருந்தே வரலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் உள்ள கணினி, திறன்பேசி ஆகியவற்றின் இயங்குதளங்களைப் பட்டியலிடுக. அவை அனைத்திலும் இயங்கும் செயலிகள் எவை எனக் கண்டறிந்து வகுப்பில் கூறுக.

2. உங்கள் ஊரின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுத்துகளாகப் பிரித்து எண்ணுக. பின்னர் ஒருங்குறிக் குறிகளாகப் பிரித்து எண்ணுக. வேறுபாட்டுக்கான காரணத்தை விளக்குக.

3. கவிதை, களிறு, கழனி, கனவு, கறவை, கலை ஆகிய சொற்களை அகரவரிசைப்படுத்துக. கணினியில் ஒரு செயலியைக் கொண்டும் வரிசைப்படுத்தி இரண்டையும் ஒப்பிடுக.

4. நீங்கள் பயன்படுத்தும் செயலி ஒன்றில் தமிழ் எழுத்தோ தொடரோ பிழையாகத் தோன்றும் இடத்தைக் கண்டறிந்து, அதனைத் திருத்த வேண்டி அச்செயலியை உருவாக்கியோருக்கு ஒரு கடிதம் எழுதுக.

5. 'கருவி வாய்க்காதவருக்குக் கல்வி தடைப்படலாகாது' என்னும் பொருளில் இரண்டு பக்க அளவில் உரை ஒன்றை உருவாக்குக.